பரவைக்கடலில் படகும் பலகையும்: புதிதாக இறங்குகிறவர்களுக்கு

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவுப் பெடியளில் ஒருவராவது ஒவ்வொரு வருசமும் என்னிடம் இதைக் கேட்கிறார்: "அண்ணா, பண்ணைப் பாலத்துப் பக்கம் இவ்வளவு தண்ணி சும்மா கிடக்குது. ஒரு போட் பிடிச்சு வேக்சேர்ஃப் அடிக்கேலாதா?" ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் பழகியவர்கள் அவர்கள். இங்குள்ள பெடியளும் இப்போது கைபேசியில் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதே கேள்வியோடு வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் படகு ஓட்டப் பழகலாம், பலகையில் நிற்கப் பழகலாம், கயிற்றில் இழுபட்டும் பழகலாம். படகு கிளப்பும் அலையிலேயே வழுக்கும் வேக்சேர்ஃபிங்கை மட்டும் இங்குள்ள படகுகளின் பின்னால் செய்யக் கூடாது. அதற்கான காரணத்தையும், அந்த ஆசையை எந்த வழியால் நிறைவேற்றலாம் என்பதையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர்

வேக்சேர்ஃபிங் என்பது படகு கிளப்பும் அலையில், படகுக்குப் பின்னால் சில அடி தூரத்தில், பலகையில் நின்று வழுக்குவது. எழும்பும்வரைதான் கயிறு வேண்டும். எழும்பிய பிறகு கயிற்றை விட்டுவிட்டு அலையின் தள்ளுதலிலேயே போகலாம். அந்த அலை பெரிதாக வர, படகு பாரமாக இருக்க வேண்டும், மெதுவாக ஓட வேண்டும், கீழே ஆழம் இருக்க வேண்டும். உலகில் இதை அதிகம் பழகுவது ஆழமான நீர்த்தேக்கங்களிலும் ஏரிகளிலும்தான்.

எங்கள் பரவைக்கடல், அதாவது யாழ்ப்பாணக் கடனீரேரி, அப்படிப்பட்டதல்ல. பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். ஆனால் அதில் பல இடங்களில் இடுப்பளவு ஆழத்தில் ஆட்கள் நடந்து வலை பார்ப்பதையும் அங்கிருந்தே காணலாம். அமாவாசைக்கும் பறுவத்துக்கும் வத்துப் பெருக்கில் ஏற்படும் வித்தியாசம் இரண்டடி அளவுதான் என்றாலும், முழங்கால் தண்ணீரில் அந்த இரண்டடியே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பெருக்கில் போன வழியால் வத்தில் திரும்ப முடியாமல், படகைத் தள்ளிக்கொண்டே கொழும்புத்துறைக் கரைக்கு வந்த ஒரு மத்தியானம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. செருப்புப் போடாத காலில் சிப்பி வெட்டிய தழும்பும் இருக்கிறது.

எனக்கு ஓட்டப் பழக்கிய குருநகர்ப் பெரியவர் முதல் நாள் எஞ்சினைத் தொடவே விடவில்லை. படகின் முன்பக்கமான அணியத்தில் இருத்தி, தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். "தம்பி, கொக்கு நிண்டால் அங்கால போகாதை. வெளிறித் தெரிஞ்சால் மணல். கறுத்துத் தெரிஞ்சால் ஆழமெண்டு நினையாதை, சாதாளையும் கறுப்புத்தான்." கடலடியில் வளரும் சாதாளைப் புல் எஞ்சின் காற்றாடியில் சுற்றிக்கொள்ளும். அதைவிட மோசமாக, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தை அடைத்துவிடும். எஞ்சினின் பின்பக்கம் சிறு குழாயால் தண்ணீர் பீறிட்டுக்கொண்டே இருக்கிறதா என்று ஓட்டுகிறவர் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது இதனால்தான். அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்திச் சாதாளையை எடுக்க வேண்டும்.

தண்ணீரில் மனிதர் கட்டியவையும் உண்டு. சிறகு வலைக்காக ஊன்றிய தடிகள் வரிசை வரிசையாக நிற்கும். அவை தெரியும், அதனால் அவ்வளவு பயமில்லை. பழைய தடி ஒடிந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நிற்கும் முளைதான் ஆபத்து. இப்போது பல கரைகளில் கடலட்டைப் பண்ணைகளும் வந்துவிட்டன. வலையால் அடைத்த அந்த வேலிகளுக்குள் ஒருவருடைய முழு முதலீடும் கிடக்கிறது. முதல் தடவை இறங்குமுன், அந்தக் கரையில் தொழில் செய்யும் ஒருவரோடு ஒரு முறை படகில் போய், எந்த வழியில் ஓடலாம், எங்கே வலை இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். கைபேசி வரைபடத்தில் இவை எதுவும் இல்லை.

அப்படியானால் எங்கே பழகலாம்? தொண்டைமானாறு ஒடுங்கிய நீர். அலை குறைவு, கரை கிட்ட. துடுப்புப் படகுக்கும் நின்று துடுப்புப் போடும் பலகைக்கும் நல்லது. செல்வச்சந்நிதிக் கோயிலுக்கு வருபவர்கள் நீராடும் கரையை விட்டுத் தள்ளியே இருங்கள். மழைக்காலத்தில் தடுப்பணைக் கதவுகள் திறந்திருக்கும்போது அந்தப் பக்கமே போக வேண்டாம், இழுவை இருக்கும். காரைநகர்க் கசூரினாக் கடற்கரை கரையோரமாக நெடுந்தூரம் ஆழமில்லாதது. மிதக்கப் பழக அதைவிட நல்ல இடம் இங்கில்லை. ஆனால் குளிக்கிறவர்கள் நிறைந்த இடம் என்பதால் எஞ்சின் படகை அங்கே கொண்டுபோகக் கூடாது.

நீர்த்தேக்கம் என்றதும் எல்லோருக்கும் இரணைமடுதான் நினைவுக்கு வரும். கனகராயன் ஆறு நிரப்பும் அந்தக் குளம் கிளிநொச்சி வயல்களுக்கானது, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பது. அனுமதி பெறாமல் எஞ்சின் படகு இறக்கும் எண்ணமே வேண்டாம். எண்ணெய் கலந்தால் அது பயிருக்கும் குடிநீருக்கும் போகிற தண்ணீர். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்ட பிறகு மட்டம் இறங்கினால், வன்னிக் குளங்களில் பட்ட மரக் கட்டைகள் தண்ணீருக்குச் சற்றுக் கீழே நிற்கும். முதலையும் உண்டு. அணைக்கட்டில் நின்று பார்த்து மகிழ்ந்துவிட்டு வருவதே நல்லது.

காற்றும் காலமும்

வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம். வெளிநாட்டுப் பெடியள் வருகிற ஓகஸ்ட் மாதம், அந்தக் காற்று பலமாக வீசும் காலத்துக்குள்தான் வருகிறது. காலை 6 மணிக்குக் கண்ணாடிபோல் கிடக்கும் தண்ணீர், 10 மணிக்குப் பிறகு குறுகிய, நெருக்கமான அலைகளால் நிறைந்துவிடும். ஆழமில்லாத நீரில் எழும் அலை அப்படித்தான் இருக்கும். உயரம் குறைவென்றாலும் படகை அடித்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி முதல் மார்கழிவரை மழையும் புயலும். அதன் பிறகு வாடை. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுவது அந்த வாடைக் காற்றில்தான். பட்டத்துக்கு நல்ல காற்று, புதிதாகப் படகு பழகுகிறவருக்கு நல்லதல்ல.

பங்குனி, சித்திரைதான் என் தெரிவு. காற்று அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், அடி தெரியும். ஓகஸ்டில்தான் வர முடியும் என்றால் விடியப்புறம் இறங்கி, 9 மணிக்குக் கரையேறிவிடுங்கள். கடற்தொழிலாளர்கள் விடியற்காலையில் மீன் இறக்குவார்கள், அந்த நேரம் இறங்குதுறையை மறிக்கக் கூடாது. குருநகர், பாசையூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் தொழிலுக்குப் போவதில்லை. ஓட்டம் குறைவாக இருக்கும், ஆனால் வலைகள் கிடக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு இடி கேட்டாலே கரைக்கு வாருங்கள். பரவைக்கடலின் நடுவில் உயரமாக நிற்கும் ஒரே பொருள் நீங்கள்தான்.

படகு, ஓட்டுகிறவர், அங்கி

உங்களுக்குக் கிடைக்கப் போவது பெரும்பாலும் 18, 19 அடி ஃபைபர் படகு, பின்னால் தொங்கும் வெளியிணைப்பு எஞ்சின். நல்ல படகுதான், இந்தக் கடலுக்கென்றே அமைந்தது. ஏறுமுன் நான்கு விடயங்களைப் பாருங்கள். படகில் பதிவு இலக்கம் எழுதியிருக்கிறதா? தண்ணீர் அள்ளி ஊற்ற ஒரு வாளி, நங்கூரம், நீண்ட கம்பு, ஒரு துடுப்பு இருக்கிறதா? எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு ஓட்டுகிறவரின் கையில் மாட்டப்படுகிறதா? ஓட்டுகிறவர் குடித்திருக்கிறாரா? கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் பலர். ஆள் மூத்தவராக இருக்கலாம், உறவுக்காரராகவும் இருக்கலாம். மணம் வந்தால் "இன்னொரு நாள் போவோம் அண்ணை" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

சுருள் கயிற்றைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஓட்டுகிறவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் அந்தக் கயிறு கழன்று எஞ்சினை நிறுத்தும். கயிறு மாட்டாத படகு, ஆளில்லாமல் வட்டமாகச் சுழன்று விழுந்தவர் மேலேயே வரும். பல படகுகளில் அந்தக் கயிறு அறுந்து, அதற்குப் பதிலாக ஒரு கம்பித் துண்டு செருகப்பட்டிருக்கும். அப்படியான படகின் பின்னால் கயிற்றில் தொங்காதீர்கள்.

உயிர்காப்பு அங்கியைப் போட்ட பிறகு, தோள்பட்டைப் பட்டியைப் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது உங்கள் அளவல்ல. நயினாதீவுப் படகில் கொடுக்கும் செம்மஞ்சள் அங்கிகள் பயணிகளுக்கானவை, பலகை விளையாட்டுக்கு உடம்போடு ஒட்டி நிற்கும் அங்கி தேவை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் எதையாவது கொண்டுவரச் சொல்வதென்றால் சொக்லேட்டுக்கு முதல் இதைச் சொல்லுங்கள்.

வெளியிணைப்பு எஞ்சினின் பின்னால் ஏன் கூடாது

வேக்சேர்ஃபிங்கில் ஆள் படகிலிருந்து ஏறத்தாழ 10 அடி தூரத்தில் நிற்கிறார். படகின் வேகம் மணிக்கு 16 முதல் 19 கிலோமீற்றர். விழுந்தால், அலையின் வடிவமே அவரைப் படகை நோக்கித் தள்ளும். இதற்கென்று கட்டிய படகுகளில் காற்றாடி படகின் அடிவயிற்றுக்குக் கீழே, உள்ளே ஒதுங்கி இருக்கும். பின்விளிம்புக்கும் காற்றாடிக்கும் இடையே இடைவெளி உண்டு. எங்கள் ஃபைபர் படகில் காற்றாடி பின்விளிம்புக்கும் வெளியே, நீங்கள் விழப் போகிற அதே இடத்தில் சுழல்கிறது. கூடு போட்டு மறைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கூடு கையைத் தடுக்கலாம், 10 அடியில் வந்து மோதும் உடம்பைக் காப்பாற்றாது.

மெதுவாக ஓடினால் பரவாயில்லை என்பதும் பிழை. மெதுவாக ஓடுவதுதான் இந்த விளையாட்டு.

இரண்டாவது காரணம், அந்த அலை இங்கே வரவே வராது. வேக்சேர்ஃப் படகு 2 தொன்னுக்கு மேல் பாரமானது. அதற்குள் பைகளிலும் தொட்டிகளிலும் தண்ணீர் நிரப்பி இன்னும் பாரம் ஏற்றுவார்கள். எங்கள் படகில் நாலு மச்சான்மாரைப் பின்னால் இருத்தினாலும் முழங்கால் உயர அலை வராது, படகுதான் தண்ணீர் குடிக்கும்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரியது. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வு, வேக்சேர்ஃப் படகின் அலை சாதாரண படகின் அலையளவுக்குத் தணிய, கரையிலிருந்து 500 அடிக்கு மேல் தள்ளி ஓட வேண்டும் என்றது. அதே குழுவின் அடுத்த ஆய்வு, அடித்தளம் கலங்காமலிருக்க 20 அடி ஆழமாவது வேண்டும் என்றது. அவர்கள் பேசியது நன்னீர் ஏரிகளைப் பற்றி. எங்கள் பரவைக்கடலில் அந்த 20 அடியைத் தேடினால் கிடைக்காது. இங்கே அடித்தளம் என்றால் சாதாளை, அதற்குள் இறால் குஞ்சு, நண்டு. கரை என்றால் கண்டல், சிறகு வலைத் தடி, தெப்பத்தில் இருந்து தூண்டில் போடுகிற வயோதிபர். மாரியில் பூநாரைகள் வந்து மேய்வதும் இந்த ஆழமில்லாத நீரில்தான். எங்கள் ஊருக்கு மீன் கொடுக்கிற தண்ணீரை ஒரு மணி நேர விளையாட்டுக்காகக் கலக்கக் கூடாது.

இங்கே எதைப் பழகலாம்

மிதத்தல். அங்கியோடும் அங்கி இல்லாமலும் பத்து நிமிடம் மல்லாந்து மிதக்கத் தெரியாதவர் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நின்று துடுப்புப் போடும் பலகை. தொண்டைமானாற்றில் ஒரு காலை முழுக்க இதில் நின்றால், பாதம் தண்ணீரைப் புரிந்துகொள்ளத் தொடங்கும். முதலில் முழங்காலில் இருந்து, பிறகு ஒவ்வொரு காலாக எழும்புங்கள். பார்வை பாதத்தில் அல்ல, தூரக் கரையில்.

கரையில் எழும்பும் பயிற்சி. இதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, ஆனால் பாதி வேலை இதில்தான் முடிகிறது. மணலில் குந்தியிருந்து, முழங்கால்கள் நெஞ்சைத் தொட, கைகளை நீட்டி ஒரு கயிற்றைப் பிடியுங்கள். நண்பர் மெதுவாக இழுக்கட்டும். கையை மடக்கி உங்கள் பக்கம் இழுத்தால் பின்னால் விழுவீர்கள். கயிறு உங்களைத் தூக்கும்வரை பொறுத்தால், கதிரையிலிருந்து எழும்புவதுபோல் எழும்புவீர்கள். இருபது தடவை செய்யுங்கள்.

கயிற்றில் இழுபடுதல். முழங்காலில் இருந்து போகும் முழங்காற் பலகையோ, நின்று போகும் வேக்போர்டோ 18 முதல் 20 மீற்றர் கயிற்றின் முனையில் நடப்பது. காற்றாடிக்கும் ஆளுக்கும் இடையே அந்தத் தூரம் இருப்பதால் வெளியிணைப்பு எஞ்சின் படகாலும் இழுக்கலாம். ஆனால் வேகம் 25, 30 கிலோமீற்றருக்குப் போவதால் விழுகிற இடம் ஆழமாக இருக்க வேண்டும். ஓடப் போகிற பாதை முழுவதையும் கம்பால் அளந்துகொண்டு ஒரு முறை மெதுவாகப் போங்கள். ஆளுயரத்துக்கு மேல் கம்பு போகாத இடத்தில் இழுக்க வேண்டாம். இடுப்பளவு நீரில் தலைகீழாக விழுந்தால் தலை நிலத்தில் மோதிக் கழுத்து முறியலாம். அப்படியொரு பாதை கிடைக்காவிட்டால் அன்றைக்குத் துடுப்புப் பலகையோடு நின்றுவிடுங்கள்.

படகில் இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் முன்னால் பார்த்து ஓட்டுவார், மற்றவர் பின்னால் பார்த்து ஆளைக் கவனிப்பார். கைச்சாடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்: பெருவிரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெது, கழுத்துக்குக் குறுக்கே கை என்றால் நிறுத்து. விழுந்தவர் தலையில் கையை வைத்துக் காட்டினால் நலமாக இருக்கிறார். காட்டாவிட்டால் அடிபட்டதாகவே எடுத்துக்கொண்டு திரும்புங்கள். ஓட்டுகிறவர் தன் பக்கம் ஆள் தெரியும்படி மெதுவாக வந்து, ஆளை ஏற்றுமுன் எஞ்சினை முற்றாக நிறுத்த வேண்டும். கியரை மட்டும் கழற்றிவிட்டு நிற்பது போதாது. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள்.

வேக்சேர்ஃபிங்குக்குப் போகும்போது

இலங்கைக்குள் நீர் விளையாட்டுக்குப் பெயர்போன இடங்கள் பென்தோட்டை ஆறும் பொல்கொட ஏரியும். போவதற்கு முன் தொலைபேசியில் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: படகின் காற்றாடி அடிவயிற்றுக்குக் கீழே இருக்கிறதா, பின்விளிம்புக்கு வெளியே இருக்கிறதா? வெளியே என்றால் வேக்போர்ட் மட்டும் பழகிவிட்டு வாருங்கள். கனடாவில் பழகப் போகிறவர்கள், தாங்களே படகு ஓட்டுவதென்றால் அங்கே படகோட்டி அட்டை எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

முதல் நாள் நடப்பது இதுதான். இடது காலை முன்னால் வைப்பவர் என்றால் படகின் இடப்பக்க அலை, வலது கால் என்றால் வலப்பக்கம். எது உங்கள் முன்கால் என்று தெரியாவிட்டால், எப்போது என்று சொல்லாமல் முதுகில் மெல்லத் தள்ளும்படி யாரையாவது கேளுங்கள், எந்தக் கால் முன்னால் போகிறதோ அதுதான். தண்ணீரில் மல்லாந்து மிதந்து, பலகையைக் குறுக்கே வைத்து, இரண்டு குதிக்கால்களையும் அதன் விளிம்பில் வையுங்கள். கயிறு 20 அடியளவு, சிறியதுதான். படகு நகரத் தொடங்கும்போது குதிக்காலால் அழுத்தினால் பலகை தானாக நிமிர்ந்து பாதத்தில் ஒட்டும். அவசரப்பட்டு எழும்பாதீர்கள், கரையில் பழகிய அதே குந்தல்.

எழும்பியதும் அலையின் மேட்டுக்கு வாருங்கள். முன்காலில் பாரம் வைத்தால் படகை நோக்கிப் போவீர்கள், பின்காலில் வைத்தால் பின்தங்குவீர்கள். கயிறு தொய்ந்து, முதுகில் யாரோ மெல்லத் தள்ளுவதுபோல் ஒரு உணர்வு வரும்போது கயிற்றைப் படகில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். முதல் நாளே அது வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். விழும்போது படகுக்கு எதிர்ப்பக்கமாக, தட்டையாக விழுங்கள், தலைகீழாகப் பாயாதீர்கள். படகில் இருப்பவர்கள் பின்விளிம்பில் உட்காரக் கூடாது. மெதுவாக ஓடும் படகின் புகை அங்கேதான் தேங்கும். அதிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கரைக்கு வந்த பிறகு

பரவைக்கடலில் காலூன்றி இறங்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் அரக்கி அரக்கி நடவுங்கள். மணலுக்குள் கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். அம்புலன்ஸ் இலக்கம் 1990.

எஞ்சினை நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடமாவது ஓடவிட்டுக் கழுவுங்கள், உப்பு உள்ளே நின்றால் ஆறு மாதத்தில் தின்றுவிடும். கயிற்றையும் அங்கியையும் நிழலில் காயப்போடுங்கள்.

ஓடும்போது ஒரு வலையில் பட்டு அறுத்துவிட்டீர்கள் என்றால், யாரும் பார்க்கவில்லை என்று வந்துவிடாதீர்கள். அந்தக் கரையின் கடற்தொழிலாளர் சங்கத்தில் போய், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். வலைக்குரியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை நான் அப்படிப் போய்ச் சொன்னேன். வலைக்குரியவர் வந்து அறுந்த இடத்தைப் பார்த்து, நூலுக்கு மட்டும் காசு வாங்கினார். அடுத்த கிழமை அவரே என்னைத் தன் படகில் ஏற்றி, அந்தப் பக்கத்து முளைகள் எங்கெங்கே நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.